வெள்ளையன் தலைக்கு மேல் ஒரு முழம்

மேல்கொட்டாயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பூமி பூஜை போட்டு, குழியும் தோண்டிய பிறகுதான், அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று பார்க்க ஆள் அனுப்பினார்கள். இது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. முதலில் தேங்காய் உடைப்பார்கள். பிறகு கடப்பாரை போடுவார்கள். கடைசியில் யாராவது ஒரு புண்ணியவான், மட்டக் கணக்கு இணைக்காவிட்டால் பில் நகராது என்று ஞாபகப்படுத்துவார். அந்த மட்டக் கணக்கை எடுத்து வர, ஒப்பந்தக்காரர் நாராயணசாமி சின்னசேலத்திலிருந்து அனுப்பிய சர்வேயர்தான் தமிழ்ப்ரியா. அவள் பிறந்து வளர்ந்ததே மேல்கொட்டாயில்.

கரியாலூரைத் தாண்டி ஜீப் மட்டும் ஏறும் மண் பாதையில் போனால் முதலில் கீழ்கொட்டாய் வரும். அப்புறம் ஓடை. ஓடையைக் கடந்து மேடேறினால் மேல்கொட்டாய். இரண்டு ஊருக்கும் எதிரே உள்ள சரிவில், ஓர் அத்தி மரத்தடியில் ஊற்று இருக்கிறது. சித்திரை வெயிலிலும் வற்றாதது அது ஒன்றுதான். ஓடை காய்ந்துவிட்டால் மேல்கொட்டாய்ப் பெண்கள் பள்ளத்தில் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏறி, ஊற்றில் மொண்டு, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் திரும்பி வர வேண்டும். தன் அம்மா தைலம்மாளின் முழங்கால் தேய்ந்ததே அந்த நடையில்தான் என்று தமிழ்ப்ரியா நம்பினாள்.

திட்டம் எளிமையானது. ஊற்றிலிருந்து குழாய் பதித்து, மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாக ஓடிவந்து தொட்டியில் விழ வேண்டும். மோட்டார் வைக்கலாமே என்று கேட்கிறவர்கள் ஒரு சாயங்காலம் மேல்கொட்டாயில் எரியும் பல்பைப் பார்த்தால் போதும், மறுபடி கேட்க மாட்டார்கள். தொட்டி ஒன்றுதான். மேல்கொட்டாயும் மனு கொடுத்தது, கீழ்கொட்டாயும் மனு கொடுத்தது. மேல்கொட்டாய்க்குக் கிடைத்தது கண்ணால் பார்த்து எடுத்த முடிவு. அங்கே நின்று பார்த்தால் அத்தி மரம் எதிரே உயரத்தில் தெரியும். மரமும் பெரியது, அதற்குப் பின்னால் மலையும் எழும்பி நிற்கிறது. ஊற்றை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும் என்று ஊரே சத்தியம் செய்தது. பார்வையிட வந்த அதிகாரியும் அண்ணாந்து பார்த்தார், ஆமாம் என்றார், ஜீப்பில் ஏறினார்.

கீழ்கொட்டாய்க்காரர்களுக்கு வயிறு எரிந்தது. மாரியம்மன் திருவிழாவில் முதல் கிடா யாருடையது என்று தொடங்கிய சண்டையில் இரண்டு ஊரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இந்த ஊர்க்காரர் அந்த ஊரில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. பெண் கொடுத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

தமிழ்ப்ரியா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது மேல்கொட்டாய் அவளை மணப்பெண்ணை வரவேற்பது போல வரவேற்றது. ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர், சுப்புராயன் கட்டிலை விட்டு எழுந்தே நின்றார். பாலிடெக்னிக்கில் சேர அவளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தபோது, சாட்சி சொல்ல ஊரே வேன் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியது அவர் ஏற்பாடுதான். அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள், இன்றைக்கு அவள் மிஷினோடு வருவதைப் பார்த்து நிம்மதியானார்கள். அவர்கள் அனுபவத்தில் அரசாங்கத்திடமிருந்து எதுவும் அளவு பார்த்து வந்ததில்லை. உள்ளே தெரிந்த ஒருவர் இருந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. ரேஷன் கார்டு அப்படித்தான் வந்தது, பட்டாவும் அப்படித்தான். தண்ணீருக்கு இனி என்ன கவலை?

"மிஷினு யாரு கையில கீது பாத்தியா. இனிமே கீழ்கொட்டாய்க்காரன் ஒக்காந்துக்கினு வேடிக்க பாக்கட்டும்," என்றார் சுப்புராயன்.

"பெரியப்பா, மிஷினு இன்னா சொல்லுதோ அததான் எழுதணும்," என்றாள் தமிழ்ப்ரியா.

"அதான் நீ கீறியே," என்றார் அவர். அந்த இடத்திலேயே அவள் நிறுத்தி விளக்கியிருக்க வேண்டும். அம்மா களி ஆறுகிறது என்று கூப்பிட்டதும் போய்விட்டாள்.

அவள் கொண்டுவந்தது ஆட்டோ லெவல். பார்க்க ஒரு குட்டி தொலைநோக்கிதான். முக்காலியில் பொருத்தி, குமிழியை வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் அது மேலேயும் பார்க்காது, கீழேயும் பார்க்காது. மட்டமாக நேரே மட்டும் பார்க்கும். எதிரே ஒருவர் ஸ்டாஃப் என்கிற நெட்டை அளவுகோலைத் தரையில் ஊன்றி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கண்ணாடிக்குள் தெரியும் குறுக்குக் கோடு ஸ்டாஃபில் எந்த எண்ணில் விழுகிறதோ, அதுதான் கணக்கு. பெரிய எண் விழுந்தால் இடம் தாழ்வு, சின்ன எண் விழுந்தால் மேடு. இது தலைகீழாக இருக்கிறதே என்று வகுப்பில் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள்.

ஸ்டாஃப் பிடிக்க அவள் சித்தப்பா வெள்ளையன் முன்வந்தார். வழக்கமாகக் கூட வரும் ஆள் தங்கச்சி கல்யாணம் என்று லீவு போட்டிருந்தார். வெள்ளையன் புதுத் துண்டு கட்டிக்கொண்டு, ஸ்டாஃபைத் திருவிழாக் கொடி போலத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஊற்றடியில் தொடங்கினார்கள். ஒரு வாசிப்பு, கருவியை முன்னால் நகர்த்து, அடுத்த வாசிப்பு, மறுபடி நகர்த்து என்று பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மேடேறிக் குழிக்கு வந்தார்கள். அங்கே நின்று கூட்டிக் கழித்துப் பார்த்த தமிழ்ப்ரியா, மறுபடி ஒரு முறை கூட்டிப் பார்த்தாள். தொட்டி இடம் ஊற்றைவிட இரண்டே கால் மீட்டருக்கும் கொஞ்சம் மேலே இருந்தது. தண்ணீர் தானாக மேடேறாது. தொட்டிக்கு வேறு இடம் பார்க்கலாம் என்றால் ஊரிலேயே தாழ்வில் இருந்த கடைசி வீட்டு வாசல்கூட ஊற்றைவிட மேட்டில்தான் இருந்தது.

இந்த வேலையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. போனபடியே திரும்பி வாசித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். அங்கே முதலில் வைத்துக்கொண்ட உயரமே மறுபடி வந்தால் கணக்கு சுத்தம். வராவிட்டால் நடுவில் எங்கோ பிசகு. அவர்கள் திரும்பி வாசித்துக்கொண்டு ஊற்றுக்கு வந்தார்கள். ஒரு ஜாண் உதைத்தது.

தன் கணக்கில் பிழை வந்ததற்கு இப்படி மகிழ்ந்த சர்வேயர் அந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு ஜாண் பிசகு எங்கிருந்தோ வந்ததென்றால் மற்றதும் வந்திருக்கலாம். மொத்தமே தப்பாக இருக்கலாம். தமிழ்ப்ரியா ஊற்றில் முகம் கழுவிக்கொண்டாள். கருவியில் கோளாறு இருக்குமோ என்று, இரண்டு குச்சி நட்டு, நடுவில் வைத்து ஒரு முறையும் ஓரத்தில் வைத்து ஒரு முறையும் வாசித்துச் சோதித்தாள். கருவி நன்றாகவே இருந்தது.

"இன்னாம்மா, திரும்பவுமா?" என்றார் வெள்ளையன்.

"திரும்பவும் தான் சித்தப்பா."

இந்த முறை குழிக்கருகே வந்ததும், கருவியில் கண் வைக்குமுன் அவள் எழுந்து அவர் நின்ற இடத்துக்கே போனாள். ஸ்டாஃப் தரையில் இல்லை. அடியில் ஒரு ஜாண் உயரக் கல் இருந்தது. நேரே மட்டும் பார்க்கிற கருவிக்கு அவர் காலடி எப்படித் தெரியும்?

"இன்னா சித்தப்பா இது, கல்லு மேல வெச்சிக்கினு நிக்கிற?"

வெள்ளையன் குரலைத் தாழ்த்தினார். "சும்மா இரு. ஊத்துகிட்ட தரையில தான் வெச்சேன். இங்க மட்டும் தான் கல்லு. நம்ம பக்கம் கொஞ்சம் எடுப்பா தெரியட்டும்."

"காலையிலயும் வெச்சியா?"

"வெச்சேன். நீ அந்தாண்ட போயி ரெண்டாவது வாட்டி பாத்தப்போ கை வலிச்சுது. கல்ல எத்திட்டு தரையில வெச்சிக்கினேன்."

"சித்தப்பா, நம்ம எடம் ஒசரமா இருந்தா தண்ணி வராது. தாழ்வா இருந்தா தான் வரும்."

வெள்ளையன் கல்லைப் பார்த்தார், எதிரே அத்தி மரத்தைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். "அப்ப பள்ளம் தோண்டி வெச்சி இருக்கணுமா? மொதல்லயே சொல்ல மாட்டியா நீ?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கல்லை எடுத்துப் போட்டுவிட்டு வாசித்தாள். ஊற்றுக்குத் திரும்பிச் சரிபார்த்தாள். இந்த முறை கணக்கு நூல் பிடித்தாற்போல மூடியது. மேல்கொட்டாய்த் தொட்டி, ஊற்றைவிட இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே. கல் கொண்டுவந்த பிசகு கல்லோடு போய்விட்டது, மேடு அப்படியே நின்றது.

ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறைமேல் ஏறி நின்று நாராயணசாமிக்குப் போன் போட்டாள். அவர் பதறவே இல்லை.

"ரெண்டு மீட்டரு தானம்மா. எழுத்துல சரி பண்ணிக்க. யாரு மலையேறி வந்து மறுபடியும் அளக்கப் போறான்? பைப்ப போட்டு, தொட்டிய கட்டி, பில்ல குடுத்துட்டா நம்ம வேல முடிஞ்சுது."

"தண்ணி வராதே சார்."

"வரலன்னா அதுக்கு வேற ஒரு ஸ்கீம் வரும்."

அவர் கெட்டவர் இல்லை. கட்டிய தொட்டிகளில் எதிலெல்லாம் தண்ணீர் வந்தது என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளையன் வாய் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் நம்பவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த மரம் தங்களைவிடத் தாழ்வில் இருக்கிறது என்றால் யார்தான் நம்புவார்கள்? கண்ணால் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வோம் என்றார்கள். காட்டுகிறேன் என்றாள் தமிழ்ப்ரியா. ரொம்ப நம்பிக்கையாகத்தான் சொன்னாள். பார்த்துவிட்டால் புரிந்துவிடும், புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று அவள் நினைத்தாள். படித்தவர்களுக்கே உள்ள ஒரு வியாதி அது.

மறுநாள் காலையில் முக்காலியின் கால்களைக் குழிக்குள் அகட்டி வைத்து, தொலைநோக்கி சரியாகத் தரை மட்டத்துக்கு வரும்படி நிறுத்தினாள். வெள்ளையன் எதிர்ச் சரிவில் ஊற்றடிக்குப் போய்த் தலையில் வெள்ளைத் துண்டோடு நின்றார். ஊரார் ஒவ்வொருவராகக் குழி ஓரத்தில் சாக்கு விரித்து, குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும்.

"அந்தக் கோடு தான் நம்ம தரை. அத அப்படியே நேரா இழுத்துக்கினு போனா ஊத்துகிட்ட எங்க போவுதுன்னு பாருங்க," என்றாள்.

முதலில் சுப்புராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தார். வெகு நேரம் பார்த்தார். கோடு ஊற்றில் படவில்லை. ஊற்றருகே நிற்கிற வெள்ளையன் காலிலும் படவில்லை, மார்பிலும் படவில்லை. துண்டு கட்டிய தலைக்கு மேலே, இன்னும் ஒரு முழம் தள்ளி, அத்திக் கிளையில் போய்க்கொண்டிருந்தது. அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். அடுத்தவர் படுத்தார். பெண்களும் படுத்துப் பார்த்தார்கள். தைலம்மாள் முழங்கால் வலியோடு இறங்கிப் படுத்து, பார்த்துவிட்டு, மகள் கையைப் பிடித்து எழுந்தாள். ஊற்றடியிலிருந்து வெள்ளையன், "இன்னா தெரியுது?" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் பார்த்து முடித்த பிறகு சுப்புராயன் தொண்டையைக் கனைத்தார்.

"சரி. பாத்துட்டோம். மேடு தான். இப்ப நீ இன்னா எழுதப் போற?"

தமிழ்ப்ரியாவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. "பாத்தத தான் பெரியப்பா."

"எழுதுனா?"

"தொட்டி இங்க வராது. கீழ்கொட்டாய் ஊத்துக்குக் கீழ கீது. அங்க போவும்."

"எழுதலன்னா?"

"இங்க தொட்டி வரும். தண்ணி வராது. அங்கயும் வராது."

சுப்புராயன் தலையை ஆட்டினார். கணக்கு அவருக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. "வெளியாளு எவனாவது வந்து எழுதிட்டுப் போயிருந்தா, பாவின்னு ரெண்டு வார்த்த வஞ்சிட்டு வேலையப் பாக்கப் போயிருப்போம். நாங்க வேன் புடிச்சி அனுப்புன பொண்ணு வந்து எழுதுனா, நாங்க யாரப் போயி வையிறது, சொல்லு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். அவர் நிஜமாகவே கேட்டார். கூட்டம் கலைந்தது.

வீட்டில் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "எழுதாத, தமிழு. பைப்பாவது வரட்டும். தண்ணி வரலன்னா கவர்மெண்ட வைவாங்க. நீ எழுதுனா ஒன்ன வைவாங்க."

"ஒனக்கு தண்ணி வேணாமாம்மா?"

"எனக்கு நீ வூட்டுக்கு வந்து போவணும். தண்ணி எப்புடியோ கொண்டாந்துக்குவேன்."

தமிழ்ப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மட்டக் கணக்குத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண். மாற்றினால் ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும், முதலாளி சந்தோஷப்படுவார், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். நஷ்டப்படுகிறவர்கள் கீழ்கொட்டாய்க்காரர்கள், அவர்களுக்கு விஷயமே தெரியப் போவதில்லை. வராத தண்ணீருக்கு ஒரு தொட்டி கட்டி, அதன்மேல் திறப்பு விழாக் கல்வெட்டும் பதித்து, அம்மா அதைக் கடந்து குடத்தோடு ஊற்றுக்கு நடப்பதை நினைத்துப் பார்த்தாள். எரிச்சலாக இருந்தது. ஊர்மேல் எரிச்சல், நாராயணசாமிமேல் எரிச்சல், அந்த மேட்டின்மேலேயே எரிச்சல். பார்த்த எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, அந்தப் பாறைமேல் ஏறி நேரே ஒன்றிய அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டாள்.

பஸ் பிடிக்க அவள் இறங்கியபோது வெள்ளையன் மட்டும் ஓடை வரைக்கும் முக்காலியைத் தூக்கி வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் வரவில்லை.

ஆடி மாதத்தில் மேல்கொட்டாய்க் குழியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. தொட்டி கீழ்கொட்டாய்க்கு மாறியது; எங்கே கட்டினாலும் பில் பில்தான் என்று நாராயணசாமியும் விட்டுவிட்டார். தமிழ்ப்ரியா போன் செய்யும் நேரத்துக்கு அம்மா அந்தப் பாறைக்கு வந்து எடுப்பாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், காய்ச்சலுக்கு மருந்து சொல்லுவாள். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

தொட்டிக்கு மூலை குறித்துக் கொடுக்க கீழ்கொட்டாய்க்கும் தமிழ்ப்ரியாதான் போக வேண்டியிருந்தது. நான்கு முளை அடித்து, நூல் கட்டி, மூலைக்கு மூலை டேப் பிடித்துச் சதுரம் சரிபார்த்து, முளைகளின் தலையில் சிவப்புப் பெயின்ட் வைத்தாள். அடித்தளம் எந்த மட்டத்தில் வர வேண்டும் என்று லெவலில் வாசித்துக் குறித்துக்கொண்டிருந்தபோது, காசியம்மாள் என்று ஒரு நடுவயதுப் பெண் சொம்பில் மோரோடு வந்தாள். பின்னால் இன்னும் நான்கைந்து பேர்.

"குடி கண்ணு. வெயில்ல நிக்கிற," என்றாள். "ஒங்க ஊர்ல ஒன்ன வைய்யிறாங்களாம். வையட்டும் வுடு. எங்களுக்காக நீ பண்ணதுக்கு நல்லா இருப்ப."

"நான் யாருக்காகவும் பண்ணலக்கா. ஊத்து ஒசரம் அவ்ளோ தான். ஒங்க ஊரு அதுக்குக் கீழ கீது, எங்க ஊரு மேல கீது."

காசியம்மாள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, முழுக்க முழுக்கப் பிரியம்தான். "அப்புடி தான் சொல்லணும். வெளிய வேற எப்புடி சொல்லுவ?"

"இல்லக்கா. வாங்க, இதுல கண்ண வெச்சி நீங்களே பாருங்க." தமிழ்ப்ரியா கருவியை விட்டு விலகி நின்றாள். "நேரா ஒரு கோடு தெரியும். அது ஊத்துக்குக் கீழ தான் போவுது. ஒரு தடவ பாத்தா போதும்."

ஒருவரும் வரவில்லை. காசியம்மாள் சொம்பை அவள் கையில் திணித்தாள்.

"அத பாத்து நாங்க இன்னா பண்ணப் போறோம்? ஒன் மனசு எங்களுக்குத் தெரியாதா? பெத்தவ மூஞ்சியக் கூட பாக்காம எங்க பக்கம் நின்னியே." பிறகு இன்னும் நெருங்கி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்: "அடுத்து ரோடு வருதாம் கண்ணு. அதுக்கும் நீயே வா. அவங்க பக்கம் வளச்சிக்கினு போவாம பாத்துக்க."

தமிழ்ப்ரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், குனிந்து கருவியில் கண்ணை வைத்துக்கொண்டாள்.